மரங்களை நம்பாத அண்ணாச்சி

எங்கள் தெருவில் மரத்தைப் பார்த்து முறைக்கிற மனிதர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பெயரைச் சொன்னால் பசுவந்தனைப் பக்கம் இன்றைக்கும் நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். எனக்கு அவர் சொந்தமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான் உறவு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தவை இவை. சித்திரை வெயிலில் ஊரே நிழல் தேடி அலையும்போது, டீக்கடை வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி மட்டும் கிளாசைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் வெயிலில் நின்று குடிப்பார். ஏன் என்று கேட்டால், "அந்த மரத்தப் பத்தி எனக்கு இன்னும் முழுசா தெரியாதுவே" என்பார். பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பற்றி விசாரிக்கிறவரின் குரலில் சொல்வார்.

அவருக்குக் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வேலை. தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும். காலையில் டவுன் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். ஒருநாள் அங்கே வாத்தியார் ஒருவர் பாடம் நடத்துவதை, கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறார். சில மரங்கள் வேரிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் ஏதோ ரசாயனத்தை மண்ணில் விடுகின்றன. பக்கத்தில் விழுந்த விதை முளைக்காது, முளைத்தாலும் வேர் ஓடாது. பாடம் அவ்வளவுதான். பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தார்கள். பரீட்சையே இல்லாத அண்ணாச்சிக்குத்தான் அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊருக்கு இது தெரியாத சங்கதியும் இல்லை. வேலிமரம் என்று நாங்கள் சொல்கிற சீமைக்கருவேலம் புஞ்சை வரப்பில், பொழியோரம் நின்றால், அதைச் சுற்றிக் கம்பு குட்டையாக நிற்கும், உளுந்து வெளிறிப்போகும். மரம் தண்ணியை உறிஞ்சுது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அண்ணாச்சிக்கு அந்த விளக்கம் போதாது. "தண்ணி குடிச்சா அது களவு. இது களவு இல்லவே, வெசம் வைக்கது" என்பார். "மரம் வாயத் தொறந்து ஏசாது. வேரத் தொறந்து ஏசும்" என்பது அவருடைய இன்னொரு வாக்கியம். வன்னி மரம் ஒன்றைத்தான் கையெடுத்துக் கும்பிடுவார். அதன் அடியில் கம்பு நன்றாக வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். வன்னியும் வேலிமரமும் ஒரே வம்சம் என்பதில் அவருக்குச் சொந்தக் குடும்பத்து வருத்தம் இருந்தது.

சந்தேகப்பட்டால் சும்மா இருக்க மாட்டார். வீட்டு முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஈரத்துணி விரித்து, பத்துப் பத்தாகப் பாசிப்பயறு போடுவார். ஒரு சிரட்டைக்கு வேலிமர இலை ஊறிய தண்ணீர், ஒன்றுக்குப் புளிய இலைத் தண்ணீர், ஒன்றுக்குத் தைலமரம். ஒன்றுக்கு மட்டும் வெறும் தண்ணீர். அதற்குச் சாட்சி என்று பெயர். எத்தனை முளைத்தது, வேர் எத்தனை நீளம் என்று தினமும் அடிஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு, இந்த வரிசை முறையெல்லாம் தெரியாது. ஒருநாள் திடீரென்று விருந்தாளி வர, எல்லாச் சிரட்டையையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்டல் தாளித்துவிட்டாள். வந்தவர்கள் தின்றுவிட்டு, "சளிக்கு நல்லா கேக்கும் போலருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை.

மரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களிலும் இப்படி ஓர் இனம் இருக்குமோ என்று ஒருநாள் தோன்றிவிட்டது. தன் மாமியாரின் கட்டிலுக்கடியில் ஒரு சிரட்டையும், தள்ளியிருந்த மாட்டுக் கொட்டகையில் ஒரு சிரட்டையும் வைத்தார். அந்த அம்மாள் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மருமகனைத் திட்டுகிற ஆள். அவர் கட்டிலுக்கடியில் ஒரு பயறுகூட முளைக்காது என்று நானே நினைத்தேன். ஆனால் மாமியார் சிரட்டைதான் மளமளவென்று வளர்ந்தது. அண்ணாச்சிக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி நோட்டில் எழுதினார். "பொய் எழுதுனா அப்புறம் நோட்டு எதுக்கு" என்றார். அந்தக் குணம் என் கழுத்துக்கே வரும் என்று அன்றைக்குத் தெரியாமல் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குகிற வேலை. புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வந்து, சாமி கும்பிட்டு, தேதி குறித்துவிட்டுப் போவதாகப் பேச்சு.

கொடை என்றால் எங்கள் ஊரில் முளைப்பாரிதான். வீட்டுக்கு ஒரு சட்டி. அடியில் வைக்கோல், மேலே எருவும் மண்ணும், அதில் ஒன்பது வகைத் தானியம். எல்லாச் சட்டியையும் வெளிச்சம் புகாத ஒரு பாரி வீட்டில் வைத்து எட்டு நாள் வளர்ப்போம். ஆண்பிள்ளைகள் அங்கே எட்டிப் பார்க்கக்கூடாது. எட்டாம் நாள் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம். யார் வீட்டுப் பாரி உயரமோ அந்த வீட்டுக்கு மகசூல், பிள்ளைப்பேறு, எல்லாம். யார் வீட்டுப் பாரி முளைக்கவில்லையோ, அந்த வீட்டில் குற்றம். கல்யாணம் பேசிய பெண் போட்ட சட்டி முளைக்கவில்லை என்றால் அந்தக் குற்றம் யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

என் சட்டிதான் எல்லாவற்றிலும் உயரமாக வரவேண்டும் என்று எனக்கு ஆசை. வரப்போகிற மாமியார் பார்க்க வேண்டுமே! அந்த வருசம் மழை இல்லாமல் நல்ல வைக்கோல் கிடைக்கவில்லை. கிடைத்தது கூளமாக இருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக, எங்கள் ஆபீசுக்குக் குச்சி வருகிற இடத்தில் சொல்லி, தடி அறுக்கும்போது விழுகிற மரத்தூள் ஒரு பை வாங்கிவந்தேன். வெள்ளை வெளேரென்று, மாவு மாதிரி இருந்தது. சட்டியில் பாதிக்கு அதைப் போட்டு மேலே விதைத்தேன். பக்கத்துச் சட்டிகளைப் பார்த்து மனசுக்குள் கொஞ்சம் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டது உண்மை.

மூன்றாம் நாள் எல்லாச் சட்டியும் முளைத்தது. என்னுடையது மட்டும் முளைக்கவில்லை.

பாரி வளர்க்கிற பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் அம்மா அடுப்பு பற்றவைக்கவில்லை. நான் பாரி வீட்டில் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, முளை, முளை என்று அந்த மண்ணைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்போது சுவருக்கு வெளியே இருமல் சத்தம் கேட்டது. அண்ணாச்சி நோட்டோடு வந்து குத்தவைத்திருந்தார்.

"ஏ தாயி, ஒண்ணுகூட முளைக்கலையா, அங்கங்க முளைச்சுக் கருகிருக்கா?"

"ஏலே, பொம்பளைய இருக்க எடத்துல ஒனக்கு என்னலே சோலி?" என்று பெரியம்மா கத்தினார்.

"நான் எட்டிப் பாக்கலையே பெரியம்மா. வெளிய இருந்துதான கேக்கேன். ஒரு விதைய நோண்டி எடுத்து வேர் நுனி கருப்பா வெள்ளையான்னு சொல்லச் சொல்லுங்க."

நான் நோண்டிப் பார்த்தேன். நுனி கருத்திருந்தது.

"சட்டில என்னத்தப் போட்ட?"

சொன்னேன். வெளியே நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எந்த மரத்துத் தூளு?" என்றார்.

"தீக்குச்சி மரம்தான் அண்ணாச்சி."

"அடடா, அது நான் இன்னும் பாக்காத மரமாச்சே!"

அந்தக் குரலில் இருந்த சந்தோசத்துக்காக, சுவர் மட்டும் இல்லையென்றால் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் நடந்த சண்டை சுவர் தாண்டிக் கேட்டது. மரத்தூள் ஊறிய தண்ணீரை அக்காவின் பாரிச் சட்டியில் ஊற்றச் சொல்கிறார். அதுவும் வாடினால் குற்றம் தூளில்தான், பிள்ளையிடம் இல்லை என்று சொல்லிவிடலாமாம்.

"ஒமக்குப் புத்தி தெளியணும்னு நேந்துகிட்டுத்தான் நான் இந்தச் சட்டியே போட்டேன். அதுல போயி வெசத்த ஊத்தச் சொல்லுதீரே!"

"எனக்குப் புத்தி அடுத்த வருசம் தெளியட்டும். அந்தப் பிள்ளைக்கு இந்த வருசம் கல்யாணம்லா?"

அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொம்பு எடுக்கிற சத்தம் கேட்டது. எனக்காக இரண்டு பேர் சாமியிடமே விளையாடினார்கள்.

ஆறாம் நாள் அக்காவின் பாரி தலை சாய்ந்தது. இனி ஊருக்குப் புரிந்துவிடும் என்று நானும் அம்மாவும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். ஊருக்கு வேறு மாதிரி புரிந்தது. "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் சுவருதான? குத்தம் தாவிருக்கும்" என்றார்கள். எங்களோடு இன்னொரு வீடும் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஏழாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டம்மாவின் பாரியும் படுத்துவிட்டது. ஊர் மூச்சு விடவில்லை. தலைவர் வீட்டில் குற்றம் என்று யார் வாயால் சொல்வது? அன்று சாயங்காலமே தலைவர் அண்ணாச்சியைத் தேடி வந்து, "என்னமோ தூளு, தூளுன்னு சொன்னீராமே, அது என்னது?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் மைக் செட்டில் அறிவித்துவிட்டார்கள்: சாமி குத்தம் ஒன்றுமில்லை, மரத்தூள் காற்றில் பறந்து சில சட்டிகளில் விழுந்துவிட்டது.

அது பறந்து விழவில்லை. "நம்ம சட்டி மட்டும் கருகி நின்னா நல்லாவா இருக்கும்?" என்று மிச்சத் தண்ணீரை அக்காதான் தலைவர் வீட்டுச் சட்டியில் கவிழ்த்திருந்தாள். இது அவளுக்கும் எனக்கும் அண்ணாச்சிக்கும் மட்டும் தெரியும். நான் அக்காவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். அண்ணாச்சி மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அளக்காம ஊத்திட்டாளே, இனி அந்தச் சட்டியக் கணக்குல சேக்க முடியாதே" என்பது அவர் கவலை.

எட்டாம் நாள் ஊர்வலம். நாற்பது சட்டி சாண் சாணாக ஆடிக்கொண்டு போக, நடுவில் எங்கள் மூன்று மொட்டைச் சட்டிகள். மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். நல்ல பெண்மணி, இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் எல்லோரும் தூள் கதையைச் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "இத மொதல்ல கண்டுபிடிச்சது அண்ணாச்சியாமே, அவிய வாயால கேட்டுட்டு தேதி குறிச்சிருவோம்" என்றார்.

அண்ணாச்சியைக் கூட்டிவந்தார்கள். என் அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தூளுதான அண்ணாச்சி?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டே எழுத்து.

அண்ணாச்சி நோட்டைப் புரட்டினார். "உறுதியா சொல்ல ஏலாதும்மா" என்றார். "மூணு சட்டில ஒண்ணுல அளவு தப்பு. மிச்சம் ரெண்டு. ரெண்ட வச்சு எதையும் முடிவு கட்டக்கூடாது. தூளுல தீப்பெட்டி மருந்து கலந்திருந்துச்சான்னும் தெரியல. இதே பிள்ளை, இதே கையால, தூளு இல்லாம ஒரு சட்டி போட்டு, அது முளைக்குதான்னு பாத்தாத்தான் குத்தம் கையில இல்லன்னு சொல்ல முடியும்."

"அதுக்கு?"

"அடுத்த வருசக் கொடை வரைக்கும் பொறுக்கணும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், என் தலையிலிருந்த சட்டியைப் பார்த்தார். "சரி, அடுத்த வருசமே பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு, பொங்கல் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். தை மாதம் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது.

கொடை முடிந்த கையோடு ஊர் ஒரு தீர்ப்புக்கு வந்திருந்தது. தலைவர் வீட்டுப் பாரியைக் கெடுத்தது தூள். என் பாரியைக் கெடுத்தது நான். படித்தவர்களோடு பழகின அண்ணாச்சியே சந்தேகப்படுகிறாரே!

ஐப்பசியில் விதைப்பு வந்தபோது பெண்கள் என் கையில் விதைப் பெட்டியைத் தரவில்லை. "நீ கட்டி ஒடை தாயி, அது போதும்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நான் நாள் முழுக்க மண்கட்டி உடைத்தேன். வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போது, முதல் தடவையாக என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உண்மையிலேயே இருக்குமோ? வீட்டில் பயறு ஊறவைக்க நேர்ந்தாலும் அம்மாவையே தண்ணீர் ஊற்றச் சொல்ல ஆரம்பித்தேன்.

அண்ணாச்சியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் அவரே சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"நான் அன்னைக்குப் பொய் சொல்லியிருக்கணுமா தாயி?"

"ஆமா" என்றேன்.

"தெரியல, யோசிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போய் யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். அவர் முற்றத்தில் கொஞ்ச மாதம் சிரட்டையே இல்லை.

மறு வருசக் கொடை வந்தது. பாரி போட வேண்டாம் என்று அம்மா கெஞ்சினாள். இப்போது எந்த மாப்பிள்ளையின் அம்மாவும் வரப்போவதில்லை, யாருக்கும் என் சட்டி தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது. கோவில்பட்டிக்குப் போய் நல்ல வைக்கோலாக வாங்கிவந்து, யாரையும் தொடவிடாமல், நானே மண் போட்டு நானே விதைத்தேன். மூன்றாம் நாள் காலையில் பாரி வீட்டுக் கதவைத் திறக்கும்போது எனக்கு மூத்திரம் வந்துவிட்டது. பொய் இல்லை.

முளைத்திருந்தது. எல்லாமே முளைத்திருந்தது.

எட்டாம் நாள் ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, அண்ணாச்சி அடிஸ்கேலோடு நடுத்தெருவில் நின்றார். "நில்லு தாயி" என்றார். பெண்கள் ஏசினார்கள், மேளக்காரர் வழிவிடச் சொன்னார். அவர் யாரையும் காதில் வாங்கவில்லை. ஒரு கல்லின் மேல் ஏறி, என் தலைக்கு மேல் ஸ்கேலை வைத்து, கண்ணைச் சுருக்கி அளந்தார்.

"ஒம்பது அங்குலம்" என்றார். பிறகு கீழே இறங்கி என் முகத்தைப் பார்த்து, "ஒங்கை இல்ல தாயி. தூளுதான்" என்றார்.

ஒரு வருசமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் உடைந்துவிட்டது. இரண்டு கையும் சட்டியைப் பிடித்திருந்ததால் முகத்தைப் பொத்திக்கொள்ளவும் முடியவில்லை. தோளும் இடுப்பும் குலுங்கக் குலுங்க, "தூளுதான், தூளுதான்" என்று கத்தினேன்.

மேளக்காரர் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து அடியை வேகமாக்கினார். பெண்கள் குலவை போட்டார்கள். தலைவர் வீட்டம்மா ஓடிவந்து, நடுத்தெருவில் என் காலில் விழுந்து, "தாயே, என்ன சொல்லுத? வெளங்கச் சொல்லு" என்றார். என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. "தூளுதான்" என்றேன். பெரியம்மா என் நெற்றி நிறையத் திருநீறு அள்ளிப் பூசி, "ஆத்தா வந்து சொல்லிட்டா, பிள்ளை மேல குத்தம் இல்ல" என்று ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி அறிவித்தார். அந்த ஐப்பசியில் முதல் விதைப் பெட்டியை என் கையில்தான் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இன்றுவரை பாரிச் சட்டியில் யாரும் மரத்தூள் போடுவதில்லை. ஏன் என்று கேட்டால், அம்மன் உத்தரவு.

ஊர்வலம் முடிந்த மறுநாள் காலையில், அண்ணாச்சி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். முகம் வாட்டமாக இருந்தது.

"எல்லாரும் சாமி வந்துச்சுன்னு சொல்லுதாவ. நான் பக்கத்துலதான் நின்னேன். மொதல்ல ஒனக்கு மூக்கு செவந்துச்சு, அப்புறம் ஒதடு துடிச்சுது. மேளம் அதுக்குப் பொறகுதான் வேகமாச்சு. நான் பாத்ததத்தான் எழுதியிருக்கேன். ஒனக்கு அதுல வருத்தம் உண்டுமா?"

நோட்டைச் சுவர் மேல் வைத்தார். தேதிக்குக் கீழே, கோணல் எழுத்தில் மூன்று வரி இருந்தது.

தூள் இல்லாத சட்டி.
ஒம்பது அங்குலம்.
பிள்ளை அழுதது.